பலாப்பழம் சுற்றிய துண்டு

அன்புள்ள தங்கச்சிக்கு,

மெல்பர்ன் வந்துவிட்டேன். கொல்லிமலை வளைவுகளில் லாரி ஓட்டியவன் என்று தெரிந்ததும், பைலட்டே என்னிடம் யோசனை கேட்டுத்தான் விமானத்தை இறக்கினார்.

ஆனால் மசக்கையில் ஒன்றும் சாப்பிடாத உன் மகளுக்கு நீ கொடுத்தனுப்பிய பலாப்பழத்தை ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். பத்து ஆபீசர்களோடு இங்கிலீஷிலேயே சண்டை போட்டேன். பயந்துபோய், பழம் சுற்றியிருந்த என் துண்டை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

ரயில் மாறி ரயில் ஏறி, தப்பான வீட்டில் மணியடித்து, கால் வீங்கி வந்து நின்றால் உன் மகள் என்னைப் பார்க்கவே இல்லை. துண்டை வாங்கி முகத்தில் வைத்து மோந்துகொண்டு, "நம்மூட்டு மரந்தானுங்க மாமா?" என்கிறாள். அப்புறம் ரசஞ்சோறு ரெண்டு வாய் சாப்பிட்டாள்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். துண்டைக் கேட்டால், "போங்க மாமா, வேற எதுலயாச்சும் தொவட்டிக்கங்க" என்கிறாள்.

இப்படிக்கு,
தலை காயாத உன் அண்ணன்