பென்சில் கோடு வரை இருபத்தாறு வரி

1987 ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்து மழை. பஜார் தெருவில் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ்.

வர்க்கீஸ் சார் எனக்கு முன்பே வந்திருந்தார். எங்கள் டைப்பிங் சென்டருக்குக் கம்ப்யூட்டர் வந்து நாலு மாதம். இன்னும் தினமும் அவரே துணி உறையை எடுத்து மடித்து வைக்கிறார். ஒரு தாளை நீட்டி, சரிசெய்து தரச் சொன்னார், தன் மலையாளத்தில். "கமலம், இது ஸினி செய்தது. ஒண்ணு நேரெயாக்கணும்."

ஸினி புதுப் பெண். டைப்ரைட்டிங் பள்ளியிலிருந்து நேராக வந்தவள். வலது ஓரம் நேராக நிற்கவேண்டும் என்று ஸ்பேஸ் கட்டையைத் தட்டித் தட்டி வார்த்தைகளைத் தள்ளியிருக்கிறாள். கம்ப்யூட்டர் தன் பங்குக்கு இடைவெளி சேர்த்திருக்கிறது. தாள் முழுக்க ஓட்டை. மேல் பாதி வரிகள் தள்ளித் தள்ளி, கீழ்ப் பாதி நெருக்கியடித்து.

இந்த வேலையைக் கொண்டுவந்தவர் சுகுமாரன் என்று ஒருவர். வெள்ளைச் சட்டை, தணிந்த பேச்சு. ஒரு வெறும் தாளில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். கடைசி வரி அந்தக் கோட்டை ஒட்டி முடியவேண்டும். தாண்டவும் கூடாது, குறையவும் கூடாது. அசல் தாளின் அடியில் வேறு விஷயம் இருக்கிறதாம்.

மத்தியானம் கரண்ட் போயிற்று. சேமிக்காத அரைப் பக்கமும் அதோடு.

வாங்க: மண்ணெண்ணெய், அம்மாவுக்குத் தைலம், குடைக்குக் கம்பி.

ஜூலை 7, செவ்வாய்

வெயில் எட்டிப்பார்த்தது.

காலை முழுக்க அந்த ஒரே பக்கம். ஸினி தட்டிய உபரி இடைவெளிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். பத்தியை மறுபடி அமைக்கச் சொன்னதும் வார்த்தைகள் தாமாக நகர்ந்து சேர்ந்துகொண்டன. பார்க்கவே சுகம். அப்புறம் எல்லா வரிக்கும் ஒரே உயரம். முதல் சோதனைத் தாள், கோட்டைத் தாண்டியது. இரண்டாவது, மூன்று வரி குறைவு. மூன்றாவது, ஒரே ஒரு வரி குறைவு.

ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. பதினோரு வருடமாக அப்படித்தான். எழுத்தைப் பார்ப்பேன், விஷயத்தைப் பார்க்கமாட்டேன். பார்த்தால் தப்பு விழும்.

சுகுமாரன் என் நாற்காலிக்குப் பின்னால். "எந்தெங்கிலும் ஒரு வரி சேர்க்கான் பற்றுமோ, சேச்சி?"

ஏதாவது ஒரு வரி சேர்க்க முடியுமா என்கிறார். கடைசி வாக்கியத்தை மட்டும் பார்த்தேன். சம்மதிக்கிறேன் என்று முடிந்தது. அதற்கு முன்னால், என் முழு மனதோடும் யாருடைய கட்டாயமும் இன்றியும் என்று சேர்த்தேன். பத்திரங்களில் எத்தனையோ தடவை அடித்த வாசகம், விரல் தானாகப் போயிற்று. வரி நிறைந்தது. இருபத்தாறு வரி, கச்சிதம். சுகுமாரன் சிரித்தார். "சேச்சி மிடுக்கி." கெட்டிக்காரி என்கிறார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் எழுதுவானேன்.

அசல் தாளை அவரே உறையிலிருந்து எடுத்து, அவரே பிரிண்டர் உருளையில் நுழைத்தார். அச்சு ஓடி நின்றது. பழக்கதோஷத்தில் நான் உருவிவிட்டேன்.

அடியில் கையெழுத்து. ஏற்கெனவே போட்டது. தமிழில். செல்லம்மாள்.

செல்லம்மாள் அக்கா, எங்கள் சந்தில் நாலாவது வீடு. ரேஷன் கடை நோட்டில் என் பெயருக்கு மேலே மாதாமாதம் பார்க்கிற கையெழுத்து. புள்ளி வைக்கமாட்டாள், அடியில் ஒரு சுழி மட்டும். இஞ்சிக் கிடங்கில் வேலை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது.

தாள் என் கையில்தான் இருந்தது. கிழித்திருக்கலாம். கேட்டிருக்கலாம். அவர் கை நீட்டினார், கொடுத்துவிட்டேன்.

ஜூலை 8, புதன்

தூக்கமில்லை. ஆபீஸ் போனதும் மூன்றாவது சோதனைத் தாளை முதல்முறையாகப் படித்தேன். வசிக்கிற வாடகை வீட்டின் மேல் உள்ள உரிமை எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறாள் அக்கா. ஒரு மாதத்தில் காலி செய்கிறாள்.

மற்ற வரிகளுக்காவது, தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று அக்கா சொல்லலாம். என் வரி அந்த வாயையும் அடைத்துவிடும்.

சாரிடம் போனேன். "சார், கையெழுத்து முதல்ல. அதுக்கு மேலதான் நம்ம அடிச்சது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனிக்கறியாம்."

தெரியும் என்கிறார். இல்லை என்பார், பதறுவார், போன் எடுப்பார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"நமக்கு டைப்பிங் மாத்ரம், கமலம். உள்ளே எந்தாணென்று நோக்கண்டா."

உள்ளே என்ன என்று பார்க்கவேண்டாமாம். அப்பா கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட நின்ற மனிதர். அதே கண்ணாடி, அதே குரல்.

குப்பைக்கூடையிலிருந்து மற்ற இரண்டு சோதனைத் தாள்கள், பென்சில் கோட்டுத் தாள். நாலையும் டிபன் பையில் வைத்தேன். ஸினி பார்த்தாள். 

ஜூலை 9, வியாழன்

லீவு. அக்கா கிடங்குக்குக் கிளம்புமுன் போய்விட்டேன். கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெறுந்தாள்ல எங்கயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"போன மாசம் போட்டேன். வீட்டுக்காரர் ஆளு ஒருத்தர் வந்தாரு, வெள்ளைச் சட்டைக்காரரு. கரண்டு இழுக்க எழுதிக் குடுக்கணும்னாரு. ஏன்?"

சொன்னேன். கத்தி நின்றது.

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

கத்துவாள் என்று நினைத்தேன். "படி" என்றாள், அவ்வளவுதான்.

தாளைப் பார்த்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முடிந்தது. தாளில் இல்லாத வரி ஒன்று பாக்கி.

"அப்புறம்?"

"இதுல எடம் மிச்சம் இருந்துது அக்கா. அத நெறைக்க நானே ஒரு வரி சேர்த்தேன்."

"என்னன்னு?"

"முழு மனசோட தர்றேன்னு."

 அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

"என் மனசு உனக்கு எப்பிடித் தெரியும்?"

 

ஜூலை 13, திங்கள்

மறுபடி மழை. அக்காவைக் கூட்டிக்கொண்டு எரணாகுளம் படகு. பாலக்காட்டுப் பக்கத்து வக்கீலம்மா ஒருவர், தமிழ் பேசுகிறவர். நாலு தாளையும் மேஜையில் பரப்பினார். ஒரே வாசகம், மூன்று விதமான இடைவெளி, கூடவே கோடு. ஸ்கேலை வைத்து அளந்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. முகம் மாறிப்போயிற்று.

"இப்படியும் மனுஷா செய்வாளா?" என்றார், யாரையும் கேட்காமல். பிறகு என்னிடம், "கோர்ட்டுல வந்து சொல்லுவேளா? கையெழுத்து முன்னாடியே இருந்ததுன்னு? அந்த வரி உங்களோடதுன்னு?"

"சொல்றேன்."

"வேலை போயிடும்."

"தெரியும்."

தெரியாது. 

திரும்பும்போது அக்கா படகின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். 

ஆகஸ்ட் 3, திங்கள்

வக்கீல் நோட்டீஸ் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்றால், சார் என் மேஜையை ஒழித்து வைத்திருந்தார். "இனி வரண்டா." இனி வரவேண்டாமாம். முகத்தைப் பார்க்கவில்லை.

என் மேஜையிலிருந்து: டம்ளர், அழி ரப்பர், முழங்கை கிழிந்த ஸ்வெட்டர், அம்மன் படம். பதினோரு வருடம் ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது.

படியில் ஸினி பின்னாலேயே ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. "ஆத்யம் அடிச்சது ஞானல்லே சேச்சி. வேணுமெங்கில் ஞானும் வந்து பறயாம்."

முதலில் அடித்தது தான்தானே, வேண்டுமானால் தானும் வந்து சொல்வதாக. பத்தொன்பது வயது. வீட்டில் இவள் சம்பளம் மட்டும்.  நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. நாளை போய்ச் சொல்லவேண்டும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. லீவு என்றிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, வியாழன்

வக்கீலம்மா கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக்காரர் தரப்பிலிருந்து பதில். அப்படி ஒரு தாளே தங்களிடம் இல்லையாம். ஒருநாளும் இருந்ததில்லையாம். இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இருபத்தாறு வரி, ஒரே வாக்கியத்தில் இல்லாமல் ஆகிவிட்டது. கோபப்படுவதா சிரிப்பதா.

கோர்ட் வரை போக அவர்களுக்குப் பயம். அக்கா அந்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்கலாம் என்று எழுதிக்கொடுக்கிறார்கள். ஒப்பந்தம் அடித்து மேஜையில் தயாராக இருந்தது. ஆங்கிலம்.

வக்கீலம்மா விளக்க ஆரம்பித்தார். அக்கா தடுத்தாள். "அவ படிக்கட்டும்."

அடுப்படியில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு என்னைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு. ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். முற்றுப்புள்ளி வந்த இடத்தில் முற்றுப்புள்ளி என்றேன். முடிந்ததும் "இன்னொருக்க" என்றாள். மறுபடி படித்தேன்.

பேனாவை வாங்கிக்கொண்டாள். குனிந்து, கடைசி வார்த்தை எங்கே என்று விரலால் காட்டச் சொன்னாள்.

"கீழ எடம் விட்டிருக்கேன் பாருங்கோ, அங்க போடுங்கோ" என்றார் வக்கீலம்மா.

"அங்க போட மாட்டேன்."

கடைசி வார்த்தையை இடித்துக்கொண்டு, நடுவில் ஒரு மயிரிழை இடம் விடாமல், செல்லம்மாள். வக்கீலம்மா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"சாட்சிக்கு யாரு?"

அக்கா பேனாவை என் பக்கம் நீட்டினாள். அவள் பெயரை ஒட்டியே போட்டேன்.