எதுவும் போடாத துண்டு

2024 ஜூன் 12, புதன்

எட்டயபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது போன் வந்தது. டெண்டர் எங்களுக்குத்தான்! பெரிய பெரிய கம்பெனிகளைத் தள்ளிவிட்டு, வனிதாவும் நானும் மட்டும் நடத்துகிற மண் பரிசோதனைக் கூடத்துக்கு மத்திய அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. கரிசல் மண்ணில் மூன்று வருஷ ஆய்வு. முதல் வருஷத்தை ஒழுங்காகச் செய்தால்தான் மீதி இரண்டும். பக்கத்தில் நின்ற அம்மாள் என் காலை நன்றாக மிதித்தாள். அதற்கும் சிரித்துவைத்தேன்.

இனி சென்னை வேலைக்குத் திரும்ப வேண்டாம். அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த நாளிலிருந்து இது ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் அவளோடு இருக்கலாம்.

ஜூன் 20

அம்மாவின் தம்பி பூவனலிங்கம் மாமா விளாத்திகுளம் பக்கத்துப் புஞ்சையை ஆய்வுக்குக் கொடுத்துவிட்டார். வாடகை கேட்டதற்கு, "எங்கிட்டயேவா பேசுத? செருப்பு பிஞ்சிரும்" என்றார்.

மூன்று துண்டாகப் பிரித்துக் கம்பி வேலி போட்டாயிற்று. ஒன்றில் தொழுவுரம், ஒன்றில் யூரியா, மூன்றாவதில் எதுவும் போடக்கூடாது. அந்தச் சும்மா கிடக்கிற துண்டை வைத்துத்தான் மற்ற இரண்டையும் ஒப்பிட முடியும். மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "நீ சொன்னா சரிதான் தாயி."

ஜூலை 30

பேய்க்காற்று. வீடெல்லாம் புழுதி. அம்மா இன்று தானாகவே டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள்.

ஆகஸ்ட் 22

போச்சு. எல்லாம் போச்சு.

உளுந்து விதைப்புக்கு முன் மண் எடுக்கப் போனேன். வரப்பில் ஏறும்போதே ஆட்டு மூத்திர வாடை. கம்பியை அழகாகச் சுருட்டி உடைமரத்தடியில் வைத்திருக்கிறார் மாமா. மூன்றாவது துண்டு முழுக்க ஆட்டுப் புழுக்கை.

"ஊர்ல எல்லாப் புஞ்சையிலயும் எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டாச்சு. ஒந் துண்டு மட்டும் வெளிறிப்போய்க் கெடக்கு. பெரிய ஆபீசரெல்லாம் பாக்க வாராவ, பயிரு நோஞ்சானா நின்னா அடுத்த வருசம் தருவாவளா? அதான் ஆட்டுக்காரன்கிட்ட சொல்லி நாலஞ்சு ராத்திரி அடைக்கச் சொன்னேன். செலவு என்னோடது. ஒங்கம்மைட்ட சொல்லிராத."

தாய்மாமன் சீர்! அப்படித்தான் செய்திருக்கிறார் மனுசன். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என்னத்த சொல்ல? என் தலைல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களேன்னா? "நல்லது மாமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 24

வனிதா சொல்கிறாள்: "ஏட்டி உமா, வரப்புக்கு அங்கிட்டுப் பொறம்போக்குல அதே மண்ணுதான கெடக்கு? ரெண்டு பை அள்ளி அனுப்பிருவோம். எவனுக்குத் தெரியப் போவுது?"

ஒருத்தனுக்கும் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக்கு இந்த எண்களைப் பார்த்துத்தான் இங்கே உள்ள சம்சாரிகளிடம் இவ்வளவு உரம் போடு, அவ்வளவு போடு என்று சொல்லப்போகிறார்கள்.

சரி, பெரிய அரிச்சந்திரி. அம்மாவ யாரு குளிப்பாட்டுவா?

ஆகஸ்ட் 26

புறம்போக்கு மண்ணை அள்ளிப் பையில் கட்டிவிட்டேன். சீட்டும் ஒட்டியாயிற்று.

ஆகஸ்ட் 27

பையிலிருந்த மண்ணைக் கொட்டிவிட்டேன். ஆடுகள் புகுந்துவிட்டன, எங்கள் கவனக்குறைவு, இந்தத் துண்டின் மண் இனி ஒப்பிட உதவாது என்று நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். மாமா பெயரை எழுதவில்லை. வனிதா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்தவள்தான்.

செப்டம்பர் 19

ஒப்பந்தம் ரத்து. அதிகாரி போனில் மரியாதையாகத்தான் பேசினார். உண்மையைச் சொன்னதற்கு நன்றியாம். அந்த நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அம்மா கோணிய வாயோடு, "என்னட்டி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். தலைவலி என்றேன்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று அம்மாவைக் கயத்தாறில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். எப்போது வருவாய் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

இன்று சென்னை பஸ். ஏற்றிவிடக் கோவில்பட்டிக்கே வந்துவிட்டார் மாமா, கையில் ஒரு துணிப்பை. மேலிடத்தில் பணம் இல்லை, ஆய்வை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். விஷயம் தெரிந்தால் மனுசன் உடைந்துபோவார்.

"மூணு துண்டுலயும் ஆடு அடைச்ச அது ஒண்ணுதான் தாயி நின்னு வெளஞ்சுது. சுத்துப்பட்டுல இப்படி உளுந்து எவன் புஞ்சையிலயும் இல்ல. அவிய பணமில்லன்னு நிறுத்துனா நிறுத்திட்டுப் போறாவ, அதுக்காக நாம மொகத்தத் திருப்பலாமா? அந்த ஆபீசருக்கும் ரெண்டு படி சேத்துப் போட்டிருக்கேன். மறக்காமக் குடுத்துரு."

"குடுத்துருதேன் மாமா."

பஸ் கிளம்பிவிட்டது. பை நல்ல கனம். மேலே வைக்க இடம் இருந்தும் மடியிலேயே வைத்திருக்கிறேன்.