தண்ணீரைக் கடக்கிற விதம்

மின்ஸ்க், பெலாரஸ்
6.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு வினோஜா படம் பிடித்து அனுப்பியிருந்தாள். மற்றப் பெடியன்கள் போனில் அம்மாமாரோடு அலட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் கொப்பியும் பேனையுமாக இருக்கிறேன். “உனக்கு இன்னும் பள்ளிக்கூடம் முடியேல்லையோ?” என்று சாருஜன் பகிடி பண்ணுகிறான். அவன்தான் என் அறையில் இருக்கிற மாங்குளத்துப் பெடியன். என் அம்மாவின் காதை ஷெல் கொண்டுபோய்விட்டது என்று சொன்னதும் தேத்தண்ணி ஊற்றித் தந்தான்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்கே ஒரு கறுத்தத் தானியத்தை அவித்துத் தின்கிறார்கள். அதற்கு நாங்கள் பருப்பும் சம்பலும் போட்டுச் சமாளிக்கிறோம். ரஷ்ய மொழி படிப்பிக்கிற ரீச்சர் என்னை ‘நிருஷா’ என்கிறா, பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. வகுப்பே சிரிக்கிறது.

போன மாதம் மீர் கோட்டைக்குப் போன படங்கள் பார்த்தீர்கள்தானே. இந்தச் சனி, ஞாயிறு மேற்குப் பக்கக் காட்டுக்கு வான் வண்டியில் போனோம். காட்டெருமை பார்க்கத்தான். ஒன்றும் அகப்படவில்லை, சப்பாத்து நனைந்ததுதான் மிச்சம். கூட்டிப்போனவர் போனை நிறுத்தச் சொன்னதால் படமும் இல்லை.

உங்கள் அன்பு மகன்,
நிருஷன்


முரசுமோட்டை
11.10.2024

அன்பு மகன் நிருஷனுக்கு,

விதைப்பு முடிந்தது. சுடலைமுத்து அண்ணைதான் உழுது தந்தார். கட்டாக்காலி மாடுகளின் கரைச்சல் தாங்க முடியவில்லை. எனக்குக் காது கேளாது என்பது அதுகளுக்கும் தெரிந்துவிட்டது போல, முதுகுக்குப் பின்னால் நின்று மேய்கின்றன.

அது சரி, எருமை பார்க்கப் போனவர் போனை நிறுத்திவைத்தாராம். எருமைக்குப் போன் சத்தம் பிடிக்காதோ? வெளிநாடு போன பிள்ளைகள் ஒரு மதில் கண்டாலும் சாய்ந்து நின்று படம் எடுத்துப் போடுகின்றன. என் பிள்ளை இரண்டு நாள் காட்டில் நின்றுவிட்டு ஒரு மரத்தைக்கூடக் காட்டவில்லை. சப்பாத்து நனைகிற அளவுக்கு எங்கே இறங்கினாய்? அந்தக் குளிரில் ஈரக் காலோடு நிற்காதே. சோதனை எப்போது என்று நீ இன்னும் எழுதவில்லை.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா


மின்ஸ்க்
20.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கிழமையும் காட்டுப் பக்கம் போய்வந்தோம். சாருஜன் ஒரு சதுப்பில் நெஞ்சளவுக்கு இறங்கிவிட்டான். ஜக்கெற்றைப் பிடித்து இழுத்து எடுத்தோம். இப்போது காய்ச்சல், வேறு பயமில்லை. இவன் எப்போதும் இப்படித்தான், கீழே பார்த்து நடக்க மாட்டான்.

அம்மா, ஒரு உதவி. வகுப்பில் ‘என் குடும்பத்தின் பயணம்’ என்று கட்டுரை கேட்டிருக்கிறார்கள். சண்டையின் கடைசி நாட்களில் நந்திக்கடலை நாங்கள் கடந்ததை எழுதலாம் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது ஆறு வயது, அப்பாவின் தோளில் இருந்ததைத் தவிர ஒன்றும் நினைவில்லை. இருட்டில் எங்கே மணல், எங்கே சேறு என்று எப்படித் தெரிந்தது? கையில் தடி இருந்ததா? ஆளையாள் கையைப் பிடித்தா நடந்தீர்கள்? ஒருவர் புதைந்தால் என்ன செய்தீர்கள்? விவரமாக எழுதுங்கள். கெதியாக வேண்டும்.

நிருஷன்


முரசுமோட்டை
25.10.2024

நிருஷன்,

கட்டுரையாம், கட்டுரை. காதுதான் போனது, மூளை போகவில்லை.

போனை நிறுத்தி, இருட்டில், நெஞ்சளவு சேற்றில் நடக்கிறதுக்குச் சுற்றுலா என்று பெயர் வைத்தது நீதான். நீ போடர் தாண்டப் பார்க்கிறாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதுதான் செய்கிறாய். கடிதத்தை வாசித்ததும் குசினிக்குள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். வினோஜா பயந்துபோய்த் தண்ணீர் தெளித்தாள்.

நான் சொல்லித்தர மாட்டேன். சொல்லித்தந்தால் நீ போவாய். படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு வா. அடுத்த பிளேனில் வா. உன் காலில் விழுந்து கேட்கிறேன், வா மகன்.

அம்மா


மின்ஸ்க்
29.10.2024

அம்மா,

ஓம். நீங்கள் நினைத்ததுதான்.

மொழிச் சோதனையில் இரண்டாம் முறையும் தவறி, ஆனி மாதமே பல்கலைக்கழகத்தில் என் பெயரை வெட்டிவிட்டார்கள். ரீச்சர், வகுப்பு என்று நான் எழுதியதெல்லாம் போன வருடக் கதை. இந்த மாதம் முடிய விசாவும் முடிகிறது, ஹொஸ்டலும் முடிகிறது. என்னை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரன் போன் எடுப்பதில்லை.

சாருஜன் ஊருக்குத் திரும்புகிறான். அவனால் முடியும். நான் எப்படி வருவேன்? டொக்டராக வரப்போகிறான் என்று கோவிலில் பொங்கி, மாலை போட்டு அனுப்பினீர்களே. கண்டாவளைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி நடக்கும்போது “தம்பி படிப்பு முடிஞ்சுதோ?” என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் நான் என்ன சொல்வேன்? அதைவிடச் சேறு பரவாயில்லை.

வருகிற சனிக்கிழமை மற்றவர்களோடு போகிறேன். போலந்து எல்லைக்கு முன் ஒரு சதுப்பும் ஓர் ஆறும் இருக்கின்றன என்கிறார்கள். நீங்கள் சொல்லித்தராவிட்டாலும் போவேன், தெரியாமல் போவேன். அவ்வளவுதான் வித்தியாசம். என்னை மன்னியுங்கள்.

நிருஷன்


முரசுமோட்டை
1.11.2024

என் ராசா,

நேற்றுத் தீபாவளி. விளக்கு வைக்கவில்லை. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடியும் வரை குந்தியிருந்தேன். எழுதாமல் விட்டு நீ புதைந்துபோனால் நான் என்ன செய்வேன்? எழுதி, அந்தத் தைரியத்தில் நீ போனால் என்ன செய்வேன்? எனக்கு வேறு வழி விடாமல் செய்துவிட்டாய். உன் மேல் அவ்வளவு கோபம். எழுதுகிறேன்.

காலைத் தூக்கி வைக்காதே, நிலத்தோடு தேய்த்துத் தேய்த்து நகர்த்து. தடியை முதலில் ஊன்று. அது உறுதியாக நின்றால் மட்டும் காலை வை. கையைப் பிடிக்காதே, ஒருவன் விழுந்தால் இருவரும் விழுவீர்கள். நாங்கள் சீலையை முறுக்கி ஆளுக்கொரு இடத்தில் பிடித்தோம். புதைந்தால் உதறாதே, முதுகுப் பக்கம் சாய்ந்து படு, மற்றவர்கள் இழுக்கட்டும். மாற்று உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டித் தலையில் வை. எங்களுடையது வைகாசி மாதத்து உப்புத் தண்ணீர், சூடாகக் கிடந்தது. உன்னுடையது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் பேனை ஓடவில்லை.

இவ்வளவையும் நீ மறந்தாலும் இனிச் சொல்வதை மறக்காதே. அக்கரையிலோ இக்கரையிலோ வெளிச்சம் அடித்து யாராவது கத்தினால் ஓடாதே. திரும்பத் தண்ணீருக்குள் இறங்காதே. கையைத் தூக்கு.

அப்பாவுக்கு அன்றைக்கு அதுதான் முடியாமல் போனது. எதிர்க்கரையில் ஆமி நின்றது. முன்னால் போனவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாதித் தண்ணீரில் உன்னை என் தோளுக்கு மாற்றிவிட்டு, “கையத் தூக்கிக்கொண்டு போய் நிக்க என்னால ஏலாது, நீ பிள்ளையக் கொண்டு போ” என்றார். எனக்கு அப்போது காது கேட்டது. நான் கத்தினேன். திரும்பிப் போய்விட்டார். அவருக்கு மானம் பெரிதாக இருந்தது.

எனக்கும் மானம் இருந்தது, மகன். ஆனால் ஒரு கையால் உன்னைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினேன். அதனால்தான் நீ இருக்கிறாய், எனக்குக் கடிதம் எழுதுகிறாய், பொய்யும் எழுதுகிறாய்.

சோதனையில் தவறிய பிள்ளை எனக்குப் போதும். அவர்கள் பிடித்துத் திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா எயார்போட்டில் நான் நிற்பேன். சந்தியில் பஸ்ஸால் இறங்கி உனக்கு முன்னால் நான் நடப்பேன். கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும், எனக்குத்தான் காது கேளாதே.

மானம் பார்த்த ஒருவரைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தேன். உன்னையும் விட என்னால் ஏலாது. கையைத் தூக்கு, ராசா.

அம்மா