பண்ணை விடுதியில் எனக்குச் சொல்லாத செய்தி

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய அக்காவுக்கு,

நேற்று லாபிஸில், உன் வீட்டிலேயே, உனக்கு முதலாண்டுத் திவசம் நடந்தது. வடை பாயசம் எல்லாம் நான்தான் செய்தேன். சாப்பிட்டு எழுந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். நான் ஒருத்தி மட்டும் உன்னோடு சண்டை போடவேண்டும் என்ற நினைப்போடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் பேசிப் பேசி யாருக்கும் விளங்கவில்லை. அதனால் ஊரே படிக்கும்படி பத்திரிகையில் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

அந்தப் பண்ணைக்குப் போ என்று முதலில் சொன்னவளே நீதான். இருமல் கொஞ்சம் அடங்கி, நீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உன்னை இப்படி விட்டுவிட்டு நான் எங்கும் போவதாயில்லை என்றேன். "போயிட்டு வாடி. அடுப்பு மூஞ்சியப் பார்க்காம நாலு நாள் இருந்துட்டு வா. எனக்கு ஒண்ணும் ஆகாது லா" என்றாய்.

ஒன்றும் ஆகாது என்று யாரைக் கேட்டுச் சொன்னாய்?

தங்காக் பக்கம், லேடாங் மலையடியில் இருந்தது அந்த இடம். மாட்டு வியாபாரத்தில் காசு பார்த்த நம்மவர் ஒருவர் நடத்துகிறார். துரைமார்கள் குடும்பத்தோடு மலைக்கும் கடற்கரைக்கும் போய் இளைப்பாறுகிறார்களே, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கும் ஆஸ்பத்திரி டிரெஸருக்கும் வாத்தியாருக்கும் அப்படி ஓர் இடம் வேண்டாமா என்று அவருக்கு ஒரு வீம்பு. சிங்கப்பூர்ப் பந்தயத்தில் ஓடிக் களைத்த குதிரைகளை வாங்கிவந்து, மாட்டுப் பண்ணைக்குள் விடுதியும் கட்டிவிட்டார். ஒரு தடவை பணம் கட்டினால் போதும். தங்கல், சாப்பாடு, ஆற்றுக் குளியல், குதிரைச் சவாரி எல்லாம் அடக்கம். என் வீட்டுக்காரருக்கு இந்த 'எல்லாம் அடக்கம்' மிகவும் பிடித்துப்போய்விட்டது. பெக்கோக் தோட்டத்து ஆபீஸில் அவர் அதைச் சொல்லாத ஆளில்லை.

ஆனால் என் மாமியார் கிளம்பும்போதே மிளகாய்த்தூள் டின்னையும் சோற்றுப் பானையையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டார். விடுதிச் சமையல்காரன் எந்தச் சட்டியில் எதை வேகவைத்தானோ என்று அத்தைக்குச் சந்தேகம். போய் இறங்கிய அன்றே மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து எனக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் குதிரையேறி வந்து பசி என்பார்கள், என் வீட்டுக்காரர் ஆற்றில் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே இலை போடு என்பார். ஈர விறகோடும் ஈயோடும் நான் அல்லாடிக்கொண்டிருந்தேன். எல்லாம் அடக்கம் என்றால் என்னையும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

மறுநாளும் அதே கதைதான். அதற்கடுத்த நாள் காலையில் விடுதிக்காரர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். இவர் போய்விட்டு வந்து அத்தையைத் தனியாக அழைத்துப் பேசினார். என்ன என்று கேட்டேன். தோட்டத்து விஷயம் என்றார். நானும் நம்பினேன். தோட்டத்தில் தினமும் ஏதாவது ஒரு விஷயம் இருக்கத்தானே செய்யும்?

அன்று மத்தியானம் அத்தை என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார். இனிமேல் சமைக்க வேண்டாம், விடுதிச் சோற்றையே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. உட்கார வைத்துப் பரிமாறினார்கள். பிள்ளைகள் என்னைப் பிடுங்க வந்தபோது, அம்மா கொஞ்சம் படுக்கட்டும் என்று என் வீட்டுக்காரரே இழுத்துக்கொண்டு போனார். மலைக்காற்று பட்டு இவர்கள் மனசு மாறிவிட்டது, ஊர் திரும்பியதும் முதல் வேலையாக உன்னிடம் இதைச் சொல்லிச் சிரிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நீயும் குதிரையில் ஏறேன் என்றார் அவர். அத்தையும் ஏறட்டுமே என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன், அக்கா. கயிற்றைப் பிடித்த மலாய்க்காரப் பெரியவர் குதிரையிடமும் என்னிடமும் "பெலான், பெலான்", மெதுவாக மெதுவாக, என்று சொல்லிக்கொண்டே நடத்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குளம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. பயம் போய்ச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், கல்யாணத்துக்குப் பிறகு அப்படி நான் சிரித்ததேயில்லை. அத்தை வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றார். அவரும் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று விடியற்காலையில் நீ போய்விட்டிருந்தாய். தந்தி பெக்கோக்குக்குப் போய், அங்கிருந்து பண்ணைக்கு வந்திருக்கிறது. நான் குதிரைமேல் இருந்த அதே சாயங்காலம் உன்னை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மிச்ச நாளையும் அங்கேயே இருந்துவிட்டு, சிகாமட்டில் ரயில் ஏறினோம். லாபிஸ் வந்ததும் இங்கே இறங்குவோம் என்றார் என் வீட்டுக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்காக வாங்கிய பால்கோவாப் பொட்டலத்தோடு முதல் ஆளாய் இறங்கினேன். பிளாட்பாரத்தில் அத்தான் மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தார். உன் மகள் கோமதி அவர் கையைப் பிடித்திருந்தாள். யாரும் எனக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு சொன்னார்கள், காரணம் காரணமாக. "காதுல விழுந்தாத்தான் தீட்டு. விழாத வரைக்கும் ஒண்ணுமில்ல. பிள்ளைங்க ஆசையா வந்துச்சுங்க, நீயும் ஒரு நாள் சிரிச்சிட்டுப் போயேன்னு பார்த்தேன்" என்றார் அத்தை. பாவம், அவர் அதை நல்லது என்றே நினைத்துச் செய்திருக்கிறார். இவரோ, உடனே கிளம்பியிருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது, அந்த நேரத்துக்கு ரயிலும் இல்லை என்றார். அதுவும் சரிதான். எல்லாம் சரியாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல். சரியாகப் பேசுகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

ரயில் இல்லையென்றால் அழுதிருப்பேனே. அந்தக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்தாவது அழுதிருப்பேன். அந்த நாள் என்னுடையது, அக்கா. அதை இவர்கள் எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக ஒரு குதிரையைக் கொடுத்தார்கள். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு, நீ செத்ததால் கிடைத்தது. இதை நான் எந்த வாயால் யாரிடம் சொல்வேன்?

உன் காரியத்தன்று நான் போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. இவரோடு பெக்கோக்குக்குத் திரும்பமாட்டேன் என்று நின்றேன். அப்போதுதான் அத்தான் வந்து மெதுவாகச் சொன்னார். "யாரையும் திட்டாதம்மா. அவதான் சொன்னா. தங்கச்சி போன இடத்துல சந்தோஷமா இருக்கட்டும், திரும்பி வந்த பெறகு சொல்லுங்கன்னு. தந்தியிலயும் அதையே போட்டேன்." என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். தந்தியைக் கேட்டேன், கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு வருஷமாக எங்கள் வீடு அந்த ஒரு பேச்சில்தான் நிற்கிறது.

நீ சொன்னாயா?

சொல்லக்கூடியவள்தான். என் கல்யாணத்தன்று காய்ச்சலை மறைத்துக்கொண்டு பந்தி பரிமாறியவள் நீ. ஆனால் அத்தானும் லேசுப்பட்டவரல்ல. ஒரு வீடு உடையாமல் இருக்குமென்றால் கூசாமல் பொய் சொல்லக்கூடிய நல்ல மனுஷர். எனக்குத் தெரியவேண்டியது இந்த ஒன்றுதான். அதைச் சொல்லக்கூடிய நீ வாயை மூடிக்கொண்டுவிட்டாய்.

நேற்று எல்லாரும் போன பிறகு கோமதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது உன் தோளுயரத்துக்கு வந்துவிட்டாள். "சின்னம்மா, அம்மாவத் தூக்கிட்டுப் போனப்ப நீங்க குதிரையில ஏறிச் சிரிச்சீங்களாமே, மெய்யா?" என்று கேட்டாள். யார் சொன்னார்களோ தெரியாது. சின்னப் பிள்ளைதானே, இல்லையென்று சொல்லிவிடலாமே என்று தோன்றியது. தோன்றியதும் எனக்கே பயமாகிவிட்டது. என்னைப் பற்றியும் இவர்கள் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்?

"ஆமாடா, சிரிச்சேன். எனக்கு யாரும் சொல்லல" என்றேன்.

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

இதை நான் சொன்ன முதல் ஆள் அவள்தான். என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

கடைசிவரை உன் கட்டிலருகே இருந்தவள் அவள். அம்மா அப்படிச் சொன்னாளா என்று ஒரு வார்த்தை கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன். இல்லை என்று அவள் சொல்லிவிட்டால், பெற்ற அப்பனைப் பொய்யனாக்கிவிட்டு அந்தப் பிள்ளை எங்கே போகும்?

ஆகவே நீ சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன், அக்கா. கோபமும் உன்மேலேயே இருக்கட்டும். அவர்களுக்கு நான் தினமும் சோறு போடவேண்டும், முகத்தைப் பார்க்கவேண்டும். உன்னைத் திட்டினால் நீ தாங்குவாய்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கோமதி எந்த ஊரில் வாழ்ந்தாலும், எவ்வளவு சந்தோஷத்தில் இருந்தாலும், அவளுக்கு உரிய துக்கத்தை நான் ஒளித்து வைக்கமாட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திச் சொல்வேன், சொல்லிவிட்டு அவள் அழுது முடியும்வரை கூடவே இருப்பேன்.

அழவேண்டிய நாளில் உனக்காக அழாமல் போன,
உன் ஒரே தங்கை
சிவகாமி