டெட்லிஃப்ட்டுக்காக ஓர் உண்ணாவிரதம்

மார்ச் 3, செவ்வாய்

மணி ஒன்பது நாற்பது. பன்னிரண்டுக்கு இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம். அதற்குள் மூன்று பல்வரிசை அடுக்கி முடித்துவிட்டேன். ஊரில் யார் யாரோ கடித்துச் சாப்பிட நான் பல்செட் செய்து தருகிறேன், எனக்கோ நண்பகல் வரை நகம் கடிக்கக்கூட அனுமதி இல்லை. மெழுகு உருகுகிற வாசனை இன்று வெண்ணெய் மாதிரி இருந்தது. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

என் சட்டதிட்டத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இரவு எட்டு மணிக்குக் கடைசி வாய். மறுநாள் பன்னிரண்டுக்கு முதல் வாய். நடுவில் தண்ணீர், பால் விடாத காபி. இது டிசம்பரிலிருந்து. வாரம் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு ஜிம். அங்கே எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: தரையில் கிடக்கிற கம்பியைக் குனிந்து பிடித்து நிமிர்வது. டெட்லிஃப்ட். போன ஜூனில் வெறும் கம்பியில் ஆரம்பித்தேன், இப்போது தொண்ணூறு கிலோ. மூன்று வாரமாக அந்தத் தொண்ணூறிலேயே நிற்கிறது.

நாற்பத்து நாலு வயதில் எதற்கு இந்த வேலை என்று அம்மா போனில் கேட்கிறாள். சர்க்கரை வராமல் இருக்க என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பாதி உண்மை. மீதியை இங்கே எழுதலாம், படிக்கப் போவது நான்தான். போன வருடம் இவர், என் வீட்டுக்காரர், குளியலறையில் வழுக்கி விழுந்தார். கையைப் பிடித்து இழுத்தேன், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், கடைசியில் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மனிதரை அசைக்க முடியவில்லை. எதிர் வீட்டு லாரி டிரைவர் வந்து ஒரே தூக்கில் நிறுத்திவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து இவர் குளிக்கப் போகும் முன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். எதிரே லாரி நின்றால் குளியல். நிற்காவிட்டால் முகம், கை, கால் கழுவுவதோடு சரி. டிரைவர் நாலு நாள் வெளியூர் போனபோது வீட்டில் ஊதுவத்தி கொளுத்த வேண்டியிருந்தது. முன்பெல்லாம் குளிக்கும்போது பாடுவார், அதுவும் நின்றுபோயிற்று. பதினெட்டு வருடம் கூட இருப்பவள் நான், அவர் நம்புவதோ லாரியை. சுருக்கென்றுதான் இருக்கிறது.

இவர் எடை தொண்ணூற்றாறு. எனக்கு நூறு வேண்டும். ஏப்ரல் 26, ஞாயிறு, ஜிம்மில் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டும் நாள். பெயர் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

இவர் பழக்கதோஷத்தில் இன்னும் இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு செய்கிறார். என் பங்கு எங்கே போகிறது என்று இன்றுதான் தெரிந்தது. எடை பார்க்கச் சொன்னேன். தொண்ணூற்றேழரை. நான் நூறைத் தொடுவதற்குள் இவர் தொட்டுவிடுவார்.

மார்ச் 9, திங்கள்

பல்செட் செய்கிற எங்கள் பல்கூடம் நாலாவது மாடி. லிஃப்ட் ஓடி ஒன்பது மாதம் ஆகிறது. யாரோ கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு ‘டெட்’ என்று எழுதிவிட்டார்கள், அதனால் எல்லோருக்கும் அது டெட் லிஃப்ட் ஆகிவிட்டது. முதலாளி கேட்டால் “பாக்கலாம், பாக்கலாம்” என்பார். அவருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது.

பிளாஸ்டர் அக்காவுக்கு அப்படி இல்லை. அச்சு வார்ப்பதற்கு பிளாஸ்டர் குழைப்பது அவர் வேலை, அதனால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக் கொடுத்து, பிறகு எழுந்து வருவார். இருபத்தைந்து கிலோ மூட்டைகளை இப்போதெல்லாம் நான்தான் தூக்கி வருகிறேன். பயிற்சி ஆயிற்று, புண்ணியமும் ஆயிற்று.

பத்து மணிக்கு அக்கா டீ நீட்டினார். நான் முகமூடி போட்டிருந்தேன், பக்கத்தில் பல்செட்டுக்கு மெருகேற்றுகிற மெருகு அண்ணனின் இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது.

“ஆறுது, எடு.”

“வேணாங்க்கா. உண்ணாவிரதம்.”

“எதுக்கு?”

“டெட்லிஃப்ட்டுக்கு.”

அக்கா என்னையே பார்த்தார். பிறகு டீயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். கண் கலங்கின மாதிரி இருந்தது, பிளாஸ்டர் தூசியாக இருக்கும்.

மார்ச் 12, வியாழன்

இன்று மானம் போயிற்று. தொண்ணூற்றிரண்டரை போட்டு இழுத்தேன். கம்பி முழங்கால் வரை வந்தது. பிறகு சுவர் கொஞ்சம் சாய்ந்தது, கண்ணில் பூச்சி பறந்தது, நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். கம்பியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கோச் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், பேச்சுக் குறைவு. தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“கடைசியா எப்பக்கா சாப்ட்டீங்க?”

“நேத்து எட்டு மணிக்கு.”

“இனி எப்ப சாப்பிடுவீங்க?”

“பன்னெண்டுக்கு.”

“தூக்கினதுக்கு அப்புறமும் ஆறு மணி நேரம் பட்டினியா? உடம்பு எதை வெச்சுக்கா வளரும்? பட்டினி இருக்கணும்னா இருங்க. பளு தூக்குற நேரத்தை நகத்துங்க. சாயங்காலம் வாங்க.”

மதியம் என்ன சாப்பிடுகிறேன் என்று எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதினேன். படித்துவிட்டு, “இது ஒரு குருவிக்குக்கூடப் பத்தாது” என்றாள்.

மார்ச் 13, வெள்ளி

மதியம் நாலு முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு, தயிர், சோறு, வாழைப்பழம். மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். நான் சாப்பிடுகிற வேகம் மற்றவர்கள் பார்க்கும்படியாக இல்லை.

மார்ச் 20, வெள்ளி

தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்து.

ஐந்தரைக்கு ஜிம், ஏழேகாலுக்குச் சாப்பாடு, எட்டுக்கு வாயை மூடியாகிவிடும். பசி அதே பதினாறு மணி நேரம்தான், தூக்குகிற நேரம் மட்டும் மாறியிருக்கிறது. இத்தனை நாள் தோசைக்கல்லைக் கவிழ்த்துப் போட்டு அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். படியெல்லாம் இரண்டிரண்டாகத் தாவினேன். தெருவில் நின்றிருந்த ஸ்கூட்டர்களைப் பார்த்து இது எத்தனை கிலோ இருக்கும் என்று மனம் எடை போடுகிறது.

இவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஏதோ பழைய கடிகாரத்தைச் சரிசெய்து, சரியாகப் பன்னிரண்டுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்து என் பைக்குள் போட்டார். “சாப்பிடற நேரத்துலயாவது ஏமாறாம இரு.” இவர் எடை இப்போது தொண்ணூற்றொன்பது. கோபிக்க மனம் வரவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

பல்கூடத்தில் எல்லோருக்கும் என்னவோ ஆகிவிட்டது. நான் வந்தால் மெருகு அண்ணன் எழுந்து நிற்கிறார். என் நாற்காலியில் யாரோ திண்டு போட்டிருக்கிறார்கள். டீ வரும்போது எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டு குடிக்கிறார்கள், என் கண்ணில் படக் கூடாதாம்.

முதலாளியே என் மேசைக்கு வந்தார்.

“ஏம்மா, எத்தனை நாளாச்சு இப்படி?”

“டிசம்பர்லேர்ந்து சார்.”

அவர் முகம் வெளுத்தது. “உடம்பு தாங்குதா?”

“பழகிடுச்சு சார். இப்பல்லாம் பசியே தெரியல.”

“சரி, உனக்கு என்னதான் வேணும்?”

“ஒண்ணும் இல்ல சார். லிஃப்ட்ல நூறு கிலோ வந்துட்டாப் போதும்.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். என் பயிற்சியில் இவ்வளவு அக்கறை காட்டுவார் என்று நான் நினைத்ததே இல்லை. நல்ல மனிதர்தான்.

மார்ச் 26, வியாழன்

நல்ல மனிதரும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் ஒரு மண்டு.

காலை பதினொரு மணி. அக்காவின் கிண்ணத்தில் பிளாஸ்டர் அப்படியே இறுகிக் கிடந்தது. இத்தனை வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. கை நடுங்குகிறது, நெற்றியெல்லாம் வியர்வை. என்னக்கா என்றேன்.

“ஒண்ணும் இல்ல. நீ மட்டும் எங்களுக்காகப் பட்டினி கிடப்ப, நாங்க வாயில போட்டுக்கிட்டு இருப்போமா? நாலு நாளா நானும் காலையில எதுவும் எடுக்கறதில்ல. மாத்திரை மட்டும் போட்டுட்டு வந்துடறேன்.”

சர்க்கரை மாத்திரை. வெறும் வயித்துல. ஐயோ, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான். வாழைப்பழத்தை உரித்து வாயில் திணித்தேன், டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. திண்டு, அண்ணன் எழுந்து நின்றது, முதலாளியின் குறிப்பு. நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: இது ஜிம்மில் தூக்குகிற கம்பி, நான் தினமும் மொட்டைமாடியில் வயிறு முட்டச் சாப்பிடுகிறேன், நம் லிஃப்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று.

திட்டுவார் என்று நினைத்தேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ லிஃப்ட் வராதா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மார்ச் 27, வெள்ளி

நிதானமாக எழுதுகிறேன்.

பதினொன்றே முக்காலுக்கு முதலாளி அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மனுஷர் சிரித்தார், சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். மேசையில் ஒரு தாள் இருந்தது, லிஃப்ட் பழுது பார்க்கக் கொடுக்கிற உத்தரவு. “நல்லவேளை, இன்னும் கையெழுத்துப் போடல” என்று அதை இழுப்பறைக்குள் தள்ளினார்.

கதவருகே அக்கா. முழங்காலில் ஒரு கை.

நான் யோசித்துச் சொன்னேனா, அதுவாக வந்ததா, தெரியவில்லை.

“அப்போ இப்ப இருக்கேன் சார்.”

“என்னம்மா இருக்க?”

“உண்ணாவிரதம். அந்த லிஃப்ட்டுக்கு. இந்தத் தடவை நிஜமா.”

அறைக்கு வெளியே நாற்காலியைப் போட்டு, சாப்பாட்டு டப்பாவை மூடியபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்காவும் பக்கத்தில் உட்கார வந்தார். “நீங்க சாப்பிடுங்கக்கா. இல்லன்னா நான் எழுந்து போயிடுவேன்” என்றேன். அவர் என் எதிரிலேயே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார், அழுதுகொண்டே.

பன்னிரண்டு. பைக்குள் கடிகாரம் கணீரென்று அடித்தது. மடியில் நாலு முட்டை. பதினாறு மணி நேரம் சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அந்தப் பதினாறாவது மணிக்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் தனித்தனியாகத் தெரிந்தது. பசியைவிட, நாளைக்கும் இப்படி உட்கார வேண்டியிருந்தால் என் பயிற்சி என்ன ஆகும் என்கிற பயம். அந்த ஏப்ரல் 26. நூறு. போனால் போகட்டும் என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். வலித்தது, ஆனால் சொல்ல முடிந்தது.

பன்னிரண்டே காலுக்கு மெருகு அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார். கூடம் முழுக்க அமைதி. ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார்கள். நாலு மணிக்குப் பதினோரு பல்செட் போயாக வேண்டும்.

பன்னிரண்டு இருபதுக்கு முதலாளி வெளியே வந்தார்.

“எவ்வளவு நேரமா சாப்பிடல?”

“பதினாறு மணி இருபது நிமிஷம் சார்.”

பொய் ஒன்றும் இல்லை. அவர் பெருமூச்சு விட்டு, நின்றபடியே சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். “முதல்ல சாப்பிடு. நீ சாப்பிடறத நான் பாக்கணும்.” பார்த்தார். நாலாவது முட்டையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

தொண்ணூற்றேழரை தூக்கினேன். இவர் நூற்றொன்று.

ஏப்ரல் 15, புதன்

லிஃப்ட் ஓடுகிறது. அக்கா காலையிலிருந்து ஆறு முறை கீழே போய் வந்தார், வேலை ஒன்றும் இல்லாமலே. சாயங்காலம் நூறு. ஒரே ஒரு முறை, கால் நடுங்க. இவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

பல்கூடமே வந்திருந்தது. முதலாளி முதல் வரிசையில். இவரும் வந்து, அங்கிருந்த எடை இயந்திரத்தில் விளையாட்டாக ஏறினார். நூற்றொன்று கிலோ எண்ணூறு கிராம். கோச் என்னைப் பார்த்தாள்.

“நூறு போடவா? நூத்திரெண்டரை போடவா?”

நூற்றிரண்டரையை நான் தொட்டதே இல்லை. இவர் இயந்திரத்திலிருந்து இறங்கி, கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கு இந்த எண் என்று அப்போதுதான் இவருக்குப் புரிந்தது. முகத்திலேயே தெரிந்தது.

“ரெண்டரை” என்றேன்.

கம்பி தரையை விட்டு வரவே இல்லை, வரவே இல்லை, பிறகு வந்தது. முழங்காலில் கொஞ்சம் நின்றது. பிளாஸ்டர் அக்கா பின்னாலிருந்து, “நம்ம லிஃப்ட்டே வந்துடுச்சு, இது வராதா” என்று கத்தினார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் நிமிர்ந்தேன்.

கீழே போட்டபோது கட்டடம் அதிர்ந்தது. இவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டது ஒன்றுதான்: “என்னையும் இப்படித்தான் பொத்துனு போடுவியா?”

ஏப்ரல் 29, புதன்

எதிர் வீட்டு லாரி விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டது. வர ஐந்து நாள் ஆகுமாம். ஏழு மணிக்கு நான் காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கமே திரும்பாமல் போனார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம், அதன் மேல் பாட்டு. சுருதி சேரவே இல்லை.