நியாக் தாவுக்குப் பளிங்கு வீடு

பிப்ரவரி 3

வள்ளைக்கீரைச் சக்கரவர்த்தியாகிய நான் இன்று விழித்தபோது என் சமுத்திரமாகிய இந்தக் கீரை ஏரியில் இன்னொரு துண்டைக் காணவில்லை. ஏரியைத் தூர்க்கும் கம்பெனிக் குழாய் மணலைக் கக்கிக்கொண்டேயிருக்கிறது. உலகத்துப் பாலைவனங்களையெல்லாம் புனோம் பென்னுக்கே கொண்டுவந்துவிட்டார்கள் போல! அக்கரையில் நாற்பது மாடி எழுந்தாயிற்று. அடுத்தது எங்கள் தலைமேல்தான்.

அக்கம்பக்கத்தார் எல்லாம் போய்விட்டார்கள். பலகை வீட்டில் நானும், நிறைமாதத்தை நெருங்கும் அக்கா மகள் சந்தூவும்தான்.

"கம்பெனிக்காரங்க மாத்தா குடுக்கற எடத்துல ஆஸ்பத்திரியே இல்லியாம் மாமா. புள்ளப்பேறு வரைக்குமாவது இங்க இருந்துடணும்."

பிப்ரவரி 9

கம்பெனி மேஸ்திரி வுத்தி எங்களை விரட்ட வந்தான். வாசலில் கல்லாய் உட்கார்ந்திருக்கும் நியாக் தாவைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கும்பிட்டான். ஏரியின் காவல் தெய்வமாயிற்றே. கேட்காமல் தொட்டால் விடமாட்டார்.

ஆகா, பிடித்தேன்!

"ஒருத்தன் இந்தக் கல்ல நகத்தப் பாத்தான் தம்பி. அவன் கை ரொம்ப நாள் இதுலயே ஒட்டிக் கெடந்துச்சு. ஆள் மட்டும் ஊருக்குப் போயிட்டான்."

"சும்மா இருங்க பெரியவரே," என்றான். ஆனால் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனான்.

பிப்ரவரி 20

புல்டோசர் எங்கள் வேலியருகே பழுதாகி நின்றது. பழுது என்றா சொல்வேன்? எஞ்சினுக்குள் நியாக் தாவின் முதலை கொட்டாவி விட்டது என்று வேலையாட்களிடமெல்லாம் பரப்பினேன். சந்தூ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அவள் சிரித்து!

மார்ச் 6

புல்டோசர் இன்னும் வேலி தாண்டவில்லை.

மார்ச் 17

கம்பெனிப் பெரியவர்கள் அவித்த கோழி, அரிசிச் சாராயம், ஊதுவத்தியோடு வந்தார்கள். என்னை விரட்ட இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். எனக்கில்லை, நியாக் தாவுக்கு. நாற்பது மாடி வாசலில் பளிங்கு வீடு கட்டியிருக்கிறார்களாம், வரச் சம்மதமா? பூசாரி கோழிக்காலைத் திருப்பித் திருப்பிக் குறி பார்த்தார். சம்மதமாம்.

வுத்தி காதோடு சொன்னான்: "எல்லாம் உங்க கதைதான் பெரியவரே. மொதலாளி ஆடிப் போயிட்டாரு. இல்லேன்னா சாமிக்குப் பளிங்கு போடுவாங்களா?"

குடை பிடித்துத் தூக்கிப் போனார்கள். ஐயோ, என் வாயே! எங்ககிட்ட யாரு கேட்டா? சந்தூவ ஒரு வார்த்த கேட்டாங்களா?

மார்ச் 18

மத்தியானத்துக்குள் வீடு பலகைக் குவியல்.

மார்ச் 29

புது இடம். சுற்றிலும் வெறும் பொட்டல். சந்தூவுக்கு வலி கண்டது. வண்டி கிடைக்கவே நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அந்த வண்டியிலேயே —

குழந்தை அழவேயில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. தொட்டிலுக்கென்று எடுத்து வைத்த துணியைச் சந்தூ பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள். என்னிடம் பேசுவதில்லை.

நியாக் தாவைப் பார்க்க வாழைப்பழத்தோடு போனேன். நாற்பது மாடி வாசலில் வுத்தி நின்றிருந்தான்.

"உள்ள குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான் பெரியவரே... கோவிச்சுக்காதீங்க."

கம்பிக்கு அப்பால் வண்ண விளக்குகளுக்கு நடுவே நியாக் தா உட்கார்ந்திருந்தார். முகம் நீச்சல் குளத்தைப் பார்த்தபடி. கம்பிக்கு வெளியிலிருந்தே கும்பிட்டேன்.

"அது சரி, சந்தூக்குக் கொழந்த பொறந்துருச்சா?" என்று கேட்டான் வுத்தி.

"பொறக்காம? யானக்குட்டி கணக்கா தம்பி! அது அழுத அழுகையில உங்க நாப்பது மாடியும் ஆடியிருக்குமே. ஒங்களுக்குக் கேக்கல?"

வுத்தி விழுந்து விழுந்து சிரித்தான்.