வைத்தியருக்கு நீ எழுதிய கடிதம்

போஜோ,
1995 ஜூன் 6

பெய்லினுக்கு,

என் மருந்தை மாற்றச் சொன்னது நீதான். நம் வைத்தியர் நியேவுக்கு நீ எழுதிய கடிதத்தை என் கண்ணால் பார்த்தேன். நீல மை, வலப்பக்கம் சாயும் உன் எழுத்து. "என் மனைவி வான்ரூவின் வலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் குழந்தை தங்க வேண்டும். அவள் கூச்சப்படுவாள், அவளிடம் இதைப் பேச வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. நான் எதற்குக் கூச்சப்பட்டேன், ஒன்றாவது சொல்.

சக்கையால்தான் எனக்குத் தெரிந்தது. காய்ச்சி வடித்த மருந்துச் சக்கையை உன் அம்மா தெருமுனையில் கொட்டுவாள் அல்லவா, போகிற வருகிறவர்கள் மிதித்து நோயை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. சென்ற செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும்போது என் சைக்கிள் அதில் வழுக்கியது. இறங்கிப் பார்த்தேன். ஏழு வருடமாக மருந்துக் கடையில் இழுப்பறை இழுத்து மூலிகை நிறுக்கிறவள் நான். வெந்து கறுத்துப்போனாலும் எனக்கு அடையாளம் தெரியும். குசும்பாப் பூ ஓர் இதழ்கூட இல்லை. பீச் பழக்கொட்டைப் பருப்பு இல்லை. வலிக்கென்றே போடும் மஞ்சள் கிழங்கு இல்லை. ஒரு பட்டைத் துண்டை ஒடித்தேன். வெள்ளை நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பட்டையைக் கரு கலையாமல் இருக்கத்தான் கடையில் பெண்களுக்குக் கட்டிக் கொடுப்போம்.

உன் அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்த கையை நிறுத்தாமல், "எம்மேல ஏன் பாயுற? உன் புருசன் எழுதினான், வைத்தியர் குடுத்தாரு, நான் அடுப்புல வச்சேன். ரத்தத்த இளக்குற மருந்தக் குடிச்சுக்கிட்டே இருந்தா வயித்துல எது தங்கும்?" என்றாள். கசப்பு குறைந்திருக்கிறதே என்று கேட்டபோதெல்லாம் கல்கண்டு போட்டேன் என்று சொன்னவளும் அவள்தான். திங்கட்கிழமைதோறும் வைத்தியரிடம் மருந்துப் பொட்டலத்தை அவள்தானே வாங்கி வருகிறாள். ஊருக்கெல்லாம் நிறுத்துக் கொடுக்கிற நான் என் வீட்டுப் பானையைத் திறந்து பார்க்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கே நியே வைத்தியரிடம் போனேன். உன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "புருசனே எழுதினப்புறம் நான் என்னம்மா பண்றது? உண்டாயிருக்கியான்னு வாயத் தொறந்து கேக்கலாம்னா, மூணு மாசம் முடியற வரைக்கும் யாரும் அதப் பேசவே கூடாதும்பாங்க. நான் கேட்டு, அது கலைஞ்சுபோனா பழி யாரு மேல?" என்றார். மார்ச் மாதத்திலிருந்து அவர் என் அடிவயிற்றிலும் கணுக்காலுக்கு மேலேயும் ஊசி குத்துவதை நிறுத்தியிருந்தார்; கர்ப்பிணிக்கு அங்கெல்லாம் குத்தக் கூடாதாம். குணமாகிக்கொண்டு வருகிறது, இனி அங்கே தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், பெய்லின்.

அந்த ஊசிகள் எனக்கு என்ன செய்தன என்று உனக்குத் தெரியும். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே ஒட்டிக்கொண்டு வளர்கிறது, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிகிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன வருடம், நான் சமையலறைத் தரையில் தவழ்ந்ததை நீ பார்த்தாய். எல்லோரும் சுடுதண்ணீர் குடி என்றார்கள். கடை மேலாளர்கூட அதைத்தான் சொன்னார், விடுப்பு மட்டும் தரவில்லை. ஊசியும் கஷாயமும் நோயைத் தீர்க்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் நின்றுகொண்டு தராசைப் பிடிக்க முடிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. நீங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

ஏன் செய்தாய் என்பதும் தெரியும். பிள்ளை பெற்றுக்கொள்ள, எங்கள் கடையை நடத்தும் மருந்து ஆலை அரசாங்கக் கணக்கில் எனக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு டிசம்பரோடு முடிகிறது. அப்புறம் அது வேறொருத்திக்குப் போய்விடும். என் வயிற்றுக்கு யாரோ ஓர் அதிகாரி தேதி குறிக்கிறான், அவனுக்குப் பயந்து நீயும் குறிக்கிறாய். எனக்கும் குழந்தை வேண்டும். என்னிடம் கேட்டிருந்தால் நானே மருந்தை நிறுத்தியிருப்பேன், தரையில் தவழ்ந்தாவது தாங்கியிருப்பேன். நீ ஷாங்காயிலிருந்து மாதம் இரண்டு நாள் வந்து, பக்கத்தில் படுத்து, வலிக்கிறதா என்று கேட்டாய். எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டாய்.

இப்போது வலது சினைப்பையில் வாத்து முட்டை அளவுக்குக் கட்டி. மருந்து மாறாவிட்டாலும் அது வளர்ந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார், அதை உன்மேல் போட மாட்டேன். அந்தப் பக்கத்தை எடுத்தாக வேண்டும், இடது பக்கம் நன்றாக இருக்கிறது என்கிறார். 27ஆம் தேதி குறித்திருக்கிறார்கள். வீட்டார் கையெழுத்து இல்லாமல் கத்தி வைக்க மாட்டார்களாம். என் கையெழுத்து போதாதா என்று கேட்டேன். "நீங்கதான நோயாளி?" என்று எழுத்தர் சிரித்தாள். உன் அம்மா பேனாவைத் தொட மறுத்துவிட்டாள். என்னைப் பெற்றவர்கள் உயிரோடு இருந்திருந்தால் உன்னிடம் கேட்டிருக்க மாட்டேன். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வான்ரூ


போஜோ,
ஜூன் 19

பெய்லினுக்கு,

பதில் இல்லை. ஷாங்காயிலிருந்து கடிதம் வர நான்கு நாள், நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று தபால் நிலையத்திலிருந்து நீ வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் போன் செய்தேன். மேஸ்திரி எடுத்தார். "சாரத்து மேல நிக்கிறான் அண்ணி, இப்ப எறங்க மாட்டான்" என்றார். அவசரம் என்றேன். "தெரியும் தெரியும், நல்ல சேதிதான? செவப்பு முட்டய மட்டும் மறந்துடாதீங்க, இங்க நாப்பது பேரு இருக்கோம்!" என்று சிரித்தார். பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம். பிள்ளை பிறந்தால் பங்கிடச் சிவப்புச் சாயமிட்ட முட்டைகூடப் பேசிவைத்திருக்கிறாய். நான் போனை வைத்துவிட்டேன். உன்னை அவர்கள் முன்னால் பொய்யனாக்க எனக்கு வாய் வரவில்லை. எதற்காக வரவில்லை என்று வழியெல்லாம் யோசித்தேன்.

உன் அம்மா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. முந்தாநாள் வலி வந்து நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மட்டும் வந்து முதுகைத் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே அழுதாள். "ரெண்டும் இருக்கும்போதே தங்கல, ஒண்ணு போச்சுன்னா அப்புறம் என்னடி இருக்கு?" என்றாள். அவளுக்கு நான் கெட்டது நினைக்கவில்லை. அவள் கை சூடாக இருந்தது.

நியே வைத்தியர் பழைய இடங்களில் ஊசி போடுகிறார். பணம் வாங்க மாட்டேன் என்கிறார், நான் வைத்துவிட்டு வருகிறேன். ஊசி இருக்கும் அரை மணி நேரம் தூங்குகிறேன்.

சாரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொள். மழை பெய்த மறுநாள் மூங்கில் வழுக்கும், அவசரப்படாதே. இரண்டு வேளையாவது சூடாகச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், அதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

முதல் படிவம் தொலைந்திருந்தால் என்ன செய்வது என்று இன்னொன்று வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயர், வயது, நோயின் பெயர் எல்லாம் நிரப்பிவிட்டேன். "நோயாளிக்கு என்ன உறவு" என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீ உன் கையால் எழுது. எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, 27ஆம் தேதிக்குள் அனுப்பு.

வான்ரூ